அட்டைப் பெட்டிக்குள் 23 குதிரைக்குட்டிகள்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. கணக்குத் துறையில் வேலை. திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி விடுதியில் காய்ச்சலோடு தனியாகப் படுத்துக் கிடந்த ஒருநாள், ‘மை லிட்டில் போனி: ஃபிரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்’ என்ற கார்ட்டூன் தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது. சின்னப் பெண் குழந்தைகளை மனதில் வைத்து எடுத்த தொடர். இளஞ்சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாகக் குதிரைக்குட்டிகள் பேசும், பாடும், சண்டை போடும், பிறகு சமாதானமாகும். அன்றைக்குப் பிடித்துக்கொண்டதை அவர் விடவில்லை. 9 சீசன், 222 எபிசோட், எல்லாமே பலமுறை பார்த்தாயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் ‘ஆபீஸ் பேக்கப்’ என்று பெயர் போட்ட ஃபோல்டரில் மொத்தமும் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் 23 சின்னப் பொம்மைக் குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்தபடி.

மூன்று மாதத்துக்கு முன் சார்ஜர் தேடப்போன மனைவி அந்தப் பெட்டியை இறக்கிவிட்டார். கைக்குட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அன்றிரவு இணையத்திலும் எதையோ தேடியிருக்கிறார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “சின்னப் பிள்ளைங்க மேல உங்களுக்கு…” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தியிருக்கிறார். இவர், “அதெல்லாம் உனக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு இருவருக்கும் இடையே தேவைக்கு மட்டுமே பேச்சு. மனைவி தன் அக்காவிடம் சொல்ல, அக்கா தன் கணவரிடம் சொல்ல, “இனிமே பாப்பாவை அவரோட தனியா விடாதீங்க” என்று சகலை சொல்லிவிட்டார். சகலையின் 6 வயது மகளான அந்தப் பாப்பாதான் நம் வாசகரின் பெட்டியைப் பார்த்த முதல் ஆள். இதற்கு நடுவில், அலுவலகத்தில் ஒருவர் இவருடைய செல்போன் திரையில் இருந்த குதிரைப் படத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, இப்போது அங்கே இவருக்குப் பட்டப்பெயர் ‘பாப்பா’.

அவர் கேட்பவை: இது மனநோயா? நான் முழு ஆண்பிள்ளை இல்லையா, தன்பாலீர்ப்பு உள்ளவனா? எல்லாவற்றையும் எரித்துவிட்டால் வாழ்க்கை பழையபடி ஆகிவிடுமா? சகலை மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? கடைசியில் இரண்டு வரி, வேறு பேனாவில்: “எங்களுக்குக் குழந்தை பிறந்து அது பெண்ணாக இருந்தால், அவளோடு உட்கார்ந்து இதைப் பார்க்கலாமா? அதற்குக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு நீங்கள் குறிப்பிட்டிருந்த எபிசோடைத் தேடிப் பார்த்தேன். பறக்கத் தெரிந்தும் பறக்கக் கூச்சப்படும் ஃப்ளட்டர்ஷை என்ற மஞ்சள் குதிரை. சிறுவயதில் பறக்கும் பயிற்சி முகாமில் மற்றவர்கள் கேலி செய்தது அதற்கு மறக்கவில்லை. ஊரே கூடிச் சூறாவளி உண்டாக்கித் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய நாளில், இறக்கை வலிமையை அளக்கும் கருவியின் முன் நிற்கிறது. 0.5 என்று காட்டுகிறது. ஓடி ஒளிந்து, பயிற்சி செய்து, மறுபடி வந்து நிற்கிறது. 2.3. அதற்குள் அடங்கியிருக்கும் உழைப்பு வேறு யாருக்கும் தெரியாது; அழுதுகொண்டே ஓடிப்போகிறது. கடைசியில் பலருக்கு நோய் வந்து ஆள் குறையும்போது, அந்தச் சின்ன வலிமையும் சேர்ந்ததால்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது. “இதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகிறேன், ஏனென்று தெரியவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பக்கம் தள்ளி, பள்ளியில் திக்கித் திக்கிப் பேசியதையும், வாசிக்க எழுந்தால் வகுப்பே சிரித்ததையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

இது நோயா?

இல்லை. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் கையேடுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம்., மற்றது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. இரண்டிலும் குழந்தைகளுக்கான கார்ட்டூனை ரசிப்பது ஒரு நோயாக இல்லை. ஒரு பழக்கத்தைப் பற்றி யாராவது என்னிடம் வந்தால், அது எவ்வளவு விநோதமாகத் தெரிகிறது என்று நான் பார்ப்பதில்லை. தூக்கம் கெடுகிறதா, வேலை கெடுகிறதா, கடன் ஏறுகிறதா, நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, யாருக்காவது தீங்கு வருகிறதா என்றுதான் கேட்பேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் இடம் என்னை நிறுத்தியது. அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை நடந்த அந்த இரண்டு மாதம் தினமும் விடியற்காலை 3 மணி வரை பார்த்திருக்கிறீர்கள். அங்கே பிரச்சினை குதிரைக்குட்டிகள் இல்லை, தாங்க முடியாத வேலைப் பளு. கிரிக்கெட் பார்த்து விழித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அடுத்த முறை அப்படி ஓர் இரவு வந்தால், நான் ரசிக்கிறேனா, ஒளிந்துகொள்கிறேனா என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக ஓர் ஆண் என்னிடம் வந்து இதே போன்ற ரசனையைச் சொன்னபோது, “எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டேன். காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோல. அவர் முகம் சுருங்கியது. அடுத்த முறை அவர் வரவில்லை. “அதுல உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, தன்பாலீர்ப்பு. ஒருவர் எந்தக் கார்ட்டூனை ரசிக்கிறார் என்பதை வைத்து அவருக்கு யார் மேல் ஈர்ப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஈர்ப்பு யார் மேல் என்பது உங்களுக்கே தெரியும், அதைக் கடிதத்திலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது ‘அப்படியானால் நான் கெட்டுப்போனவனா’ என்ற பயமும் கூடவே வந்திருக்கிறது. அது தேவையில்லாத பயம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-லேயே நீக்கிவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990-ல் நீக்கியது.

‘உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி’ என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் இணையத்தில் குழுவில் இருந்துகொண்டே எப்படி அப்படித் தோன்றியது என்று எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் இரவு கதவைச் சாத்திய பிறகு எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது. உங்கள் மனைவிக்கு விளக்க உதவும் என்பதால் சில தகவல்களைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவையாகவும் இருக்கலாம். இந்தத் தொடர் 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்தே விற்றுவந்த பொம்மைக் குதிரைகளை வைத்து எடுத்தது. பொம்மை விற்பதற்கான தொடர்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட் சிறுவயதில் அதே பொம்மைகளோடு விளையாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கற்பனை செய்து வளர்ந்தவர். அதனால் ஒரே அச்சில் வார்த்த ஆறு பொம்மைகள் அங்கே இல்லை. புத்தகப் புழு ஒன்று, வேகத்தில் தலைக்கனம் பிடித்தது ஒன்று, மண்ணில் உழைப்பது ஒன்று, ஆடை வடிவமைப்பது ஒன்று, சதா கொண்டாட்டம் தேடுவது ஒன்று, எதற்கும் கூச்சப்படுவது ஒன்று என்று ஆறுக்கும் ஆறு குணம். ஆண் ரசிகர்கள் முதல் சீசனிலேயே திரண்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் சகோதரனையும் குதிரையையும் குறிக்கும் சொற்களை ஒட்டி ‘புரோனி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2011-ல் நியூயார்க்கில் சுமார் 100 பேர் கூடிய அவர்களுடைய ‘புரோனிகான்’ மாநாட்டுக்கு 2015-ல் 10,000 பேருக்கு மேல் வந்தார்கள். தொடர் 2019 அக்டோபரில் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பால்டிமோர் நகரில் கடைசி மாநாட்டை நடத்தி அவர்களும் விடைபெற்றார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு என்று எடுக்கும் கதைகளில் பயந்தால் அடி, கோபம் வந்தால் அடி, தோற்றால் இன்னும் பலமான அடி. நண்பனிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி, பொறாமை வந்தால் அதை எங்கே வைப்பது என்றெல்லாம் நிதானமாகச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் பெண் குழந்தைகளின் அலமாரிக்கே போய்விடுகின்றன. பசித்த ஆண் அந்த அலமாரியில் கை வைத்தால் எனக்கு வியப்பில்லை.

மனைவி கேட்க வந்த கேள்வி

உங்கள் கடிதத்தில் ‘அவளுக்குப் புரியவில்லை’ என்ற சொற்கள் ஏழு இடத்தில் வருகின்றன. அவரிடம் நீங்கள் எத்தனை முறை விளக்கினீர்கள் என்று தேடினேன். ஓர் இடத்தில்கூட இல்லை. அவர் கேட்டது பாதிக் கேள்வி. நீங்கள் சொன்னது பதிலே இல்லை. அந்த இரவில் உங்களுக்கு வந்த கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இரண்டு ஆண்டுகளாகக் கூட வாழும் மனிதரின் அலமாரியில் ஒளித்துவைத்த பெட்டி. உள்ளே குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள். கணினியில் பொய்ப் பெயர் வைத்த ஃபோல்டர். ஒரு மனிதர் எதையாவது இவ்வளவு கவனமாக மறைக்கிறார் என்றால் அது அசிங்கமானதாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அடுத்து அவர் இணையத்தில் தேடினார். அங்கே என்ன வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்தக் குதிரைக் கதாபாத்திரங்களை வைத்து ஆபாசப் படங்கள் வரையும் ஒரு கூட்டமும் ரசிகர்களிடையே உண்டு. ரசிகர்கள் எல்லோரும் அப்படி இல்லை; ஆனால் அப்படியொரு பக்கமே கிடையாது என்று சொன்னால் அது பொய். தேடிய முதல் ஐந்து நிமிடத்தில் உங்கள் மனைவி கண்ணில் அதுதான் பட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது உங்களை அவமானப்படுத்த இல்லை, தம்பி. பயந்துபோய்க் கேட்டார்.

‘ஒருமுறை அந்தப் படங்கள் கண்ணில் பட்டன, பிடிக்கவில்லை, மூடிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அவரிடம் அதைச் சொல்வதற்கு முன் உங்களுக்குள் ஒருமுறை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுப் பிறகு வேறொன்று வெளியே வந்தால் இந்தத் திருமணம் தாங்காது. ஒருவேளை அந்தப் பக்கமும் கொஞ்சம் இருந்தால், அதை ஒரு மனநல ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்கள், வரைந்தவையாக இருந்தால்கூட, பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ‘கார்ட்டூன்தானே’ என்ற சாக்கு அங்கே எடுபடாது.

எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்கள். முன்னுரையெல்லாம் வேண்டாம். “அன்னைக்கு நீ கேட்க வந்ததை நான் கேட்க விடல. இப்ப முழுசா கேளு, பதில் சொல்றேன்” என்று தொடங்குங்கள். அவர் அந்தக் கேள்வியைச் சொல்லி முடிக்கட்டும். காதில் விழ உங்களுக்கு வலிக்கும். அதைச் சொல்ல அவருக்கு வலிக்கும் அளவுக்கு வலிக்காது. பிறகு நேரடியாக, சுற்றி வளைக்காமல், குழந்தைகள் மீது உங்களுக்கு அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். ‘உலகத்தில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள்’ என்பதில் ஆரம்பிக்காதீர்கள். ஆயிரம் பேரைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஃபோல்டரை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுந்து நின்ற கதையைச் சொல்லுங்கள். உங்களுக்குத் திக்குவாய் இருந்ததே அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு ஆண்டுகளில் பொம்மைகளைவிடப் பெரிதாக நீங்கள் மறைத்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அவருக்கு இந்தக் குதிரைகள் பிடிக்காமல் போகலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கூட உட்கார்ந்து பார் என்று வற்புறுத்தாதீர்கள். கூடத்தில் வைக்க வேண்டாம், விருந்தினர் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொன்னால் அதெல்லாம் இரண்டு பேர் பேசி முடிவு செய்யும் விஷயம். மாதம் இவ்வளவுக்கு மேல் பொம்மைக்குச் செலவில்லை என்று ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளலாம். அதேபோல, யாருக்கும் தீங்கில்லாத ஒன்றை எரித்தே தீர வேண்டும் என்று கேட்க அவருக்கும் உரிமை இல்லை. பேச்சு முதல் நாளிலேயே முடிந்துவிடாது. தேவைப்பட்டால் இருவருமாக ஓர் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். அவர் மட்டும் தனியாகப் போக விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

சகலை சொன்னது

இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் அதிகம். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நடுவில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: பாப்பா ஒருநாள் பெட்டியைப் பார்த்துவிட்டாள், அவளிடம் இரண்டு குதிரைகளை விளையாடக் கொடுத்து, “இது நம்ம ரகசியம், சித்திகிட்ட சொல்லாதே” என்று சொன்னேன்.

தம்பி, ஆறு பக்கத்தில் நீங்கள் செய்த தவறு என்று நான் சொல்லக்கூடியது இந்த ஒரு வரிதான். கார்ட்டூன் பார்த்ததில் தவறில்லை, பொம்மை வாங்கியதில் தவறில்லை. ஒரு குழந்தையிடம் ரகசியம் காக்கச் சொன்னது தவறு. உங்கள் மனதில் இருந்தது உங்கள் வெட்கம் மட்டும்தான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. பெரியவர் ஒருவர் பரிசு கொடுத்து ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் அப்போதே அம்மா அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்றுதான் நாங்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஏனென்றால் குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் தொடங்குவது அப்படித்தான்: ஒரு சின்னப் பொருள், ஒரு சின்ன ரகசியம். பெரியவர்களோடு ரகசியம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழந்தை உங்களிடம் கற்றுக்கொண்டால், நாளை வேறு ஒருவன் அதே சொற்களைச் சொல்லும்போது அவள் பேசாமல் இருந்துவிடுவாள். சகலைக்கு அந்த வரி தெரியுமோ தெரியாதோ, தகப்பனாக அவர் எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆகவே மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். தன் மகளின் பாதுகாப்புக்காகக் குடும்பத்துக்குள் ஒருவர் சொன்ன எச்சரிக்கை அது. அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனால், வழக்கில் என்ன ஆனாலும் குடும்பம் போய்விடும். நீங்கள் குற்றம் செய்ததாக அவர் வெளியாட்களிடம் பொய்யைப் பரப்பினால் அது வேறு விஷயம். அப்போது உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள், இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்.

இப்போது செய்ய வேண்டியது இது. முதலில் மனைவியிடம் ரகசியம் பற்றியும் சொல்லிவிடுங்கள். பிறகு சகலையையும் அவர் மனைவியையும் பார்த்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே பாப்பாவிடம், “சித்தப்பா ரகசியம்னு சொன்னது தப்பு. யார் அப்படிச் சொன்னாலும் நீ அம்மாகிட்ட சொல்லணும், நான் சொன்னாலும் சொல்லணும்” என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றிலும் மிகக் கடினமானது இதுதான், அது எனக்குத் தெரியும். அதன் பிறகும் ‘தனியாக விட மாட்டோம்’ என்று அவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் இருக்கும் கூடத்தில் அவளோடு விளையாடலாம், கதவு திறந்திருக்கலாம். நல்ல சித்தப்பாவுக்கு இதனால் எதுவும் குறையாது.

உங்கள் இணையக் குழுவுக்கும் இதே விதி. பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓவியம் திருத்திக்கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில் செய்யுங்கள். சிறுவர் சிறுமியரோடு தனி அரட்டை வேண்டாம், அவர்களே ஆரம்பித்தாலும் வேண்டாம். அந்தத் தொடர் முதலில் அவர்களுக்காக எடுத்தது, நாம் பிறகு வந்தவர்கள். ஜப்பானில் இதைப் பற்றி ஓர் அழகான வழக்கம் உண்டு. அங்கே 2004-லிருந்து வெவ்வேறு நாயகிகளோடு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ‘ப்ரீக்யூர்’ என்ற சிறுமியர் தொடருக்கு வளர்ந்த ஆண் ரசிகர்கள் நிறைய. ‘பெரிய நண்பர்கள்’ என்று பொருள்படும் ஒரு செல்லப் பெயர்கூட இப்படிப்பட்டவர்களுக்கு உண்டு. அதன் பல திரைப்படங்கள் வெளியானபோது, நாயகிகளுக்கு உற்சாகம் கொடுக்க ஆட்டிக் காட்டும் குட்டி விளக்கு ஒன்றைத் திரையரங்கில் தந்தார்கள். நடுநிலைப் பள்ளி வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டும். பெரிய நண்பர்கள் விளக்கில்லாமல் படம் பார்த்தார்கள். படம் அவர்களுக்கும் உண்டு, விளக்கு பிள்ளைகளுக்குத்தான்.

அலுவலகத்தில்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறு உங்கள் பக்கம் துளியும் இல்லை. உங்கள் செல்போன் திரையை அனுமதியில்லாமல் படம் எடுத்துப் பரப்பியதும், மூன்று மாதமாகப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் கேலி என்ற அளவைத் தாண்டிவிட்டன. குழுவில் வந்த செய்திகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நபரிடம் ஒரே ஒருமுறை, குரலை உயர்த்தாமல், “என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரில் கார்ட்டூனைப் பற்றி விளக்கம் எதுவும் வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் யார் இருந்தார்கள், அவ்வளவு போதும். எதை ரசிக்கிறீர்கள் என்பதற்கு அலுவலகத்தில் யாருக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எரிப்பதா, வைப்பதா

மூன்று வழி யோசித்திருக்கிறீர்கள். மொத்தமாக எரித்துவிடுவது, இன்னும் பத்திரமான இடத்தில் ஒளிப்பது, விவாகரத்து. மூன்றாவதை நீங்களே அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அடித்ததுதான் சரி. ஒளிப்பதால்தான் இவ்வளவும் வந்தது, அதையும் விட்டுவிடலாம். எரிப்பது பற்றித்தான் எனக்குக் கவலை. இன்று எரித்தால் மனைவி நிம்மதி அடைவார் என்று நினைக்கிறீர்கள். அவர் கண்ணில் அது தடயத்தை அழிப்பதுபோல் இருக்கும். அந்தக் கேள்வியும் பதில் இல்லாமலே வீட்டில் தங்கிவிடும். உங்களுக்கோ, பிடித்த ஒன்றை அவருக்காகக் கொன்றேன் என்ற கசப்பு, என்றைக்காவது வேறொரு சண்டையில் வெளியே வரும். எல்லாம் பேசி முடித்து, சில மாதம் கழித்து, இனி இவை வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம். இப்போது வேண்டாம்.

கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். பிறந்தால், பார்க்கலாம். தாராளமாகப் பார்க்கலாம். குழந்தை டிவி பார்க்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “அது ஏன் அழுவுது?”, “நீயா இருந்தா என்ன செய்வே?” என்று கேட்பதைவிட நல்ல பழக்கம் குறைவு. மகனாக இருந்தாலும் பாருங்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு டைனோசரும் மண் அள்ளும் வண்டியும்தான் பிடிக்கும் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் தயாராக இருங்கள்.

முதல் சீசனில் பெரும்பாலான கதைகள் முடியும்போது ட்வைலைட் என்ற அந்தப் புத்தகப் புழுக் குதிரை தான் கற்றதைத் தன் இளவரசிக்குக் கடிதமாக எழுதும், ஸ்பைக் என்ற குட்டி டிராகன் அதைத் தீயில் ஊதி அனுப்பும், அந்தத் தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கடிதத்தைத் தொடங்கியிருந்தீர்கள். எனக்கு எழுதிய ஆறு பக்கத்தில் திக்குவாய் பற்றிய அந்தப் பக்கத்தை, இந்த வாரம் மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது திக்கினால் திக்கட்டும். பெட்டி மேல்தட்டில் வேண்டாம், அவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கட்டும். ரகசியத்துக்காகச் சுற்றிய கைக்குட்டைகளையும் எடுத்துத் துவைக்கப் போட்டுவிடுங்கள்.